ஸ்டைலஸ் படுத்தும் பாடு

திரையில் வரைகிற பேனாவான ஸ்டைலஸின் விளம்பரத்தில் வருகிற கைக்கு வியர்வை என்ற ஒன்றே கிடையாது. நம் கை அப்படியா? ஈர உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால், ஐபேடில் வரைகிற செயலியான ப்ரோகிரியேட் சில சமயம் அதை இரண்டு விரல் தட்டல் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு விரல் தட்டினால் ‘அன்டூ’, அதாவது கடைசியாகப் போட்டது அழியும். ஒவ்வொன்றாகப் போட்ட இமை முடிகள் ஒவ்வொன்றாகவே உதிரும். செயலியின் அமைப்புகளில், ஜெஸ்சர் கன்ட்ரோல்ஸில் ‘டிஸேபிள் டச் ஆக்‌ஷன்ஸ்’ போட்டால் கை இழுக்கிற வண்ணத் தீற்றல் நிற்கும், அன்டூ நிற்காது. அதற்குச் சுண்டு விரலையும் மோதிர விரலையும் மூடுகிற கையுறைதான் வழி. அதிலும் ஒற்றைத் துணி போதாது. வியர்வையில் ஊறியதும் தொடுதல் அதைக் கடந்துவிடும்.

கையுறை மாட்டியாச்சு, அடுத்து கண்ணாடி. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் கோடு இழுக்கிற மாதிரி பேனா வழுக்கும். ‘பேப்பர் ஃபீல்’ ஷீட் ஒட்டச் சொல்வார்கள். ஒட்டலாம். சொரசொரப்பு வரும், கூடவே வெள்ளைப் பரப்பில் வானவில் புள்ளிகளும் வரும். தோல் நிறம் கலக்கும்போது கண் ஏமாறும்.

போதாக்குறைக்கு அந்த ஷீட் பேனாவின் முனையை, அதாவது நிப்பைத் தின்னும். பேனாவை எப்போதும் ஒரே வாக்கில் பிடிப்பதால் நிப் ஒரு பக்கம் மட்டும் சப்பையாகும். நகத்தின் மேல் வைத்துச் சுழற்றினால் விளிம்பு தட்டுப்படும். தட்டுப்பட்டால் கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஆப்பிள் பென்சில் நிப்புக்குள் உலோக முனை இருக்கிறது. அது எட்டிப் பார்த்தால் திரையில் நிரந்தரக் கீறல். புது நிப்பை நன்றாகத் திருகுங்கள். கோடு விட்டு விட்டு வந்தால் பென்சிலைத் திட்டுவதற்கு முன் நிப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அவ்வளவுதான் விஷயம்.

மானத்தை வாங்குவது சாய்கோடுதான். பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரையில் 45 டிகிரியில் வைத்து, மெதுவாக ஒரு கோடு இழுங்கள். பல டேப்லெட்களில் அது அலை அலையாக வரும். கை நடுக்கமில்லை, டாக்டரிடம் போக வேண்டாம். சென்சார் கம்பிகள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நடுவில் பேனா எங்கே என்பதை டேப் ஊகித்துக்கொள்கிறது. மெதுவாக இழுத்தால் ஊகத்தின் பிசகு தெரியும். படத்தைப் பெரிதாக்கி, வேகமாக இழுப்பது நல்லது. பிரஷ் அமைப்பில் கோட்டைச் சீராக்குகிற ‘ஸ்ட்ரீம்லைன்’ ஏற்றலாம். ஆனால் ரொம்ப ஏற்றினால் பேனா ஒரு பக்கம் போக, கோடு சாவகாசமாகப் பின்னால் வரும்.

சார்ஜில் போட்டுக்கொண்டே வரைந்தால் கோடு துள்ளுகிறதா? எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜர் திரைக்கு மின் இரைச்சலைக் கடத்துகிறது. வயரைப் பிடுங்கினால் சரியாகும்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது அழுத்த உணர்வு, அதாவது எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பேனா உணர்வது. குண்டு ரப்பர் முனைப் பேனாவுக்கு அது கிடையாது. அது விரலுக்குப் பதில் வந்த விரல். ஆப்பிள் 2023இல் விட்ட யூஎஸ்பி-சி பென்சிலிலும் கிடையாது. சாய்வு தெரியும், அழுத்தம் தெரியாது. குறிப்பெடுக்கப் போதும், பெயின்டிங்குக்கு வேண்டாம்.

வாகாம், சாம்சங் எஸ் பென் வகைப் பேனாக்களில் வரைவதற்கு பேட்டரியே தேவையில்லை என்று பெருமை பேசுவார்கள். உண்மைதான். ஆனால் காந்த மூடி போட்ட கவர் பக்கத்தில் இருந்தால் பேனா தடம் மாறும். திரை ஓரத்திலும் முனை ஓரிடம், கோடு ஓரிடம் என்று விலகும். கையெழுத்துப் போட எல்லோரும் தேர்ந்தெடுப்பது அந்த மூலையைத்தான்.