பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்தணும்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். மார்கழி இன்னும் மிச்சமிருந்தது. ஏழாம் வகுப்புப் பெண்களில் பாதிப் பேரின் நகக்கண்ணில் கலர்ப்பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் எடுக்க வேண்டியது எண் அமைப்புகள். இரண்டு எண் வரிசைகளைக் கொடுத்து, இரண்டுக்கும் என்ன உறவு என்று கண்டுபிடிக்கச் சொல்லி, அதை வரைபடத்தாளில் குறிக்க வைக்க வேண்டும்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் வருடா வருடம் ஒரே இடத்தில் நின்றுவிடுவார்கள். அட்டவணையைக் கொடுத்தால் கடகடவென்று நிரப்பிவிடுவார்கள். ஒரு வரிசை 3, 6, 9, 12. இன்னொன்று 6, 12, 18, 24. "இது மூணு மூணா கூடுது, அது ஆறு ஆறா கூடுது டீச்சர்." சரி, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஒவ்வொரு வரிசையையும் அதனதன் போக்கில் ஓட்டிப் பார்க்கிறார்கள். 3-க்கு நேரே 6 இருக்கிறது, 9-க்கு நேரே 18 இருக்கிறது என்று குறுக்கே பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்கப் பழகாத பிள்ளைக்குப் பின்னால் வரும் சமன்பாடும் சார்பும் மனப்பாடமாகத்தான் போகும். அதனால் இந்த ஒரு பாடத்தில் நான் அவசரப்படுவதில்லை.

அன்று கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. "இன்னைக்குக் காலையில யார் வீட்டுல என்ன கோலம்?" என்று கேட்டேன். இரண்டாவது வரிசையில் உட்காரும் பெண், "எங்க வீட்டுல பதினஞ்சு புள்ளி, இடுக்குப்புள்ளி, எட்டுல நிறுத்தணும்" என்றாள். அவளையே வராந்தாவுக்குக் கூட்டிப்போய் சாக்பீஸைக் கையில் கொடுத்தேன். நடு வரிசையில் 15 வைத்தாள். அப்புறம் மேலே, இரண்டிரண்டு புள்ளிக்கு நடுவில் இருக்கும் இடுக்குக்கு நேரே ஒரு புள்ளியாக, ஒவ்வொன்றாகக் குறைத்து 14, 13 என்று போய் 8-ல் நிறுத்தினாள். கீழேயும் அதே மாதிரி. அளவுகோல் இல்லை, கை தயங்கவே இல்லை. மற்ற பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"ஏன் எட்டுல நிறுத்தணும்? ஒன்பதுல நிறுத்தினா என்ன?"

"கோணிக்கும் டீச்சர். ஆறு பக்கமும் ஒரே அளவா வராது."

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. வேறு என்னென்ன இடுக்குப்புள்ளிக் கோலம் தெரியும் என்று கேட்டு அட்டவணை போட்டோம். 3 புள்ளி, 2-ல் நிறுத்தணும். 5 புள்ளி, 3-ல். 7 புள்ளி, 4-ல். 9 புள்ளி, 5-ல். இதோ இரண்டு எண் வரிசைகள்: தொடங்கும் எண், நிறுத்தும் எண். பாட்டிகளும் அம்மாக்களும் சோடியாகவே சொல்லிக் கொடுத்திருப்பதால் யாரும் இதைத் தனித்தனி வரிசையாகப் பார்க்கவில்லை. ஏழு என்றால் நாலு. பதினஞ்சு என்றால் எட்டு. குறுக்கே பார்ப்பதை நான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"அம்பதுல நிறுத்தற மாதிரி ஒரு கோலம் போடணும். நடுவுல எத்தனை புள்ளி வைக்கணும்?" சில பேர் இரண்டிரண்டாகக் கூட்டத் தொடங்கினார்கள். பத்தைத் தாண்டியதும் சலித்துவிட்டது. கோலமே போட்டுப் பழகாத ஒரு பையன் தரையில் இருந்த புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்துபோய் ஓரத்து எட்டிலிருந்து விரல் வைத்து, நடு வரிசை வரைக்கும் சாய்வாக எண்ணினான். "இந்தப் பக்கமும் எட்டு வரிசைதான். எட்டு வரிசைன்னா ஏழு தடவைதான் கூடும். எட்டும் ஏழும் பதினஞ்சு. அப்போ அம்பதும் நாப்பத்தொம்பதும்..." 99 என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தினார்கள். நிறுத்தும் எண்ணை இரண்டு மடங்காக்கி ஒன்றைக் கழித்தால் தொடங்கும் எண் வந்துவிடும். விதியை அவர்கள் வாயால்தான் சொல்ல வைத்தேன். காரணத்தோடு வந்த விதி மறந்துபோகாது.

அடுத்த நாள் வரைபடத்தாள். எக்ஸ் அச்சில் நிறுத்தும் எண், ஒய் அச்சில் தொடங்கும் எண். (1, 1), (2, 3), (3, 5), (4, 7)... புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வந்து உட்கார்ந்தன. உடனே ஸ்கேலை வைத்து இணைக்கப் போனார்கள். நான் தடுத்தேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், இரண்டரையில் நிறுத்துகிற கோலம் உண்டா? இல்லை. அப்போது அந்த இடத்தில் கோடு எதைச் சொல்லும்? இதைப் பேசாமல் கோடு போட விடக்கூடாது என்பது என் கட்சி. புள்ளிகளை இணைப்பது அழகுக்குச் செய்யும் வேலை இல்லை. நடுவிலும் மதிப்பு உண்டு என்று நாம் சொல்லும் வாக்குமூலம் அது. ஒப்பிட்டுப் பார்க்க, பள்ளியில் சொட்டிக்கொண்டிருந்த குழாயடியில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீரின் அளவைக் குறித்தோம். மூன்றாவது நிமிடத்திலும் பாட்டிலில் தண்ணீர் இருந்தது அல்லவா? அங்கே தாராளமாகக் கோடு போடலாம்.

மூன்றாம் நாள்தான் எனக்கு ரொம்பப் பிடித்த நாள். ஒவ்வொரு கோலத்திலும் மொத்தம் எத்தனை புள்ளி என்று எண்ணச் சொன்னேன். 1, 7, 19, 37, 61. நிறுத்தும் எண்ணுக்கு எதிராக இந்த மொத்தத்தை வரைய வேண்டும். எல்லோருக்கும் வளைந்து மேலே ஏறியது. ஒரு பையன் மட்டும் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "டீச்சர், எனக்கு நேர்க்கோடு வந்துருச்சு!"

தாளை வாங்கிப் பார்த்தேன். புள்ளி ஒவ்வொன்றும் பிசகில்லாமல் நேர்க்கோட்டில் இருந்தது. ஒய் அச்சில் ஒவ்வொரு செ.மீ.க்கும் 1, 7, 19, 37, 61 என்று எழுதியிருந்தான். அட்டவணையில் இருந்த எண்களை அப்படியே எடுத்துச் சம இடைவெளியில் அடுக்கிவிட்டான். வரைபடம் கற்றுக்கொடுக்கும் எல்லோரும் இந்தத் தவற்றைப் பார்த்திருப்பார்கள். சிவப்பு மையால் அடித்துவிட்டு "அளவுத்திட்டம் தவறு" என்று எழுதுவது சுலபம். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் பிள்ளைக்கு அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை.

அன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்தத் தாள்ல 10 எங்க இருக்கு, காட்டு" என்றேன். ஏழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் விரல் வைத்தான். "13 எங்க?" அதே செ.மீ.க்குள் இன்னொரு இடம். "சரி, 40-ம் 50-ம் எங்க?" 37-க்கும் 61-க்கும் நடுவில் இருந்த அந்த ஒரே செ.மீ.க்குள் விரலை நகர்த்தினான், நின்றான். முதல் கட்டத்துக்குள் ஆறு எண்கள், கடைசிக் கட்டத்துக்குள் இருபத்துநாலு. "கட்டம் ஒரே அளவா இருக்கு, எண் மட்டும் நெருங்கிக்கிட்டே போகுது" என்று அவனே சொன்னான். புதுத் தாள் கேட்டான். ஒரு செ.மீ.க்குப் பத்துப் புள்ளி என்று வைத்துக்கொண்டு மறுபடி வரைந்தான். வளைவு வந்தது. முதல் தாளை அவன் கிழிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வகுப்புச் சுவரில் மாட்டினோம்.

ஏன் வளைகிறது என்பதற்கும் தரையில்தான் விடை இருந்தது. 7-4 கோலத்தில் நடுப் புள்ளியை ஒதுக்கிவைத்தால், மிச்சத்தை ஆறு முக்கோணங்களாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொன்றிலும் 1+2+3, அதாவது 6 புள்ளி. ஆறு ஆறு 36, நடுப்புள்ளியோடு 37. அடுத்த கோலத்துக்குப் போகும்போது ஒவ்வொரு முக்கோணத்திலும் ஒரு வரிசை கூடும். அதனால் கூடுகிற அளவே 6, 12, 18, 24 என்று வளர்ந்துகொண்டு போகும். பதினைந்து புள்ளிக் கோலத்துக்கு ஒரு முக்கோணத்தில் 28, மொத்தம் 169. எண்ணாமலேயே சொன்னார்கள். நம்பாமல் வராந்தாவுக்கு ஓடி எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு.

கோலத்தைக் கணிதமாகப் பார்ப்பது நான் கண்டுபிடித்தது இல்லை. 1970களிலேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் சென்னையில் கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளோடு சேர்த்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இதை வகுப்பில் சொன்னபோது அந்த இரண்டாம் வரிசைப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். நேர்ப்புள்ளிக் கோலம் (இதில் இடுக்கில் வைக்காமல், புள்ளிக்கு நேர் மேலேயே புள்ளி வைப்பார்கள்), ஒன்றில் முடிகிறது. நடுவில் 7 என்றால் மேலும் கீழும் 5, 3, 1. மொத்தம் 1, 5, 13, 25, 41 என்று எண்ணி எழுதியிருந்தாள். கூடுகிற அளவு 4, 8, 12, 16. "இடுக்குப்புள்ளியில ஆறு ஆறா ஏறுச்சு, இதுல நாலு நாலா ஏறுது டீச்சர். இதை ஆறு முக்கோணமா பிரிக்க வரல."

"எத்தனையா பிரிக்க வருதுன்னு பாரு" என்றேன். சாக்பீஸை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.