ஒரு பைசா எங்கே போனது?

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ், கல்லூரி லேபில் மலையாளம் என்று படித்தவன் நான். சி மொழி செய்முறைத் தேர்வில் எனக்கு விழுந்த கேள்வி ரொம்பச் சுலபம்: ரூபாயை வாங்கி, பைசாவாக முழு எண்ணில் காட்ட வேண்டும். டபுளில் (புள்ளி வைத்த எண் வகை) வாங்கி, நூறால் பெருக்கி, இன்ட்டில் (முழு எண் வகை) போட்டேன். 2.50, 10.75 கொடுத்துப் பார்த்தேன், சரியாக வந்தது. வெளியிலிருந்து வந்த சார் குனிந்து 4.35 என்று தட்டினார். திரையில் 434.

“ஒரு பைஸ எவிடெப் போயி?”

எனக்கு வாயே வரவில்லை. விஷயம் இதுதான். 4.35ஐ இரும எண்ணில் (0, 1 மட்டும் வைத்து எழுதும் முறை) முழுசாக எழுத முடியாது. ஒரு துளி குறைவான எண்ணைத்தான் கணினி வைத்துக்கொள்கிறது. நூறால் பெருக்கினால் 434.99999999999994. இன்ட் அதைப் பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுபோகாது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறியும், அவ்வளவுதான். நான் சோதித்தது அரையும் முக்காலும். அவை இருமத்தில் கச்சிதமாக உட்காரும், அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. நீங்கள் 4.35, 0.29, 19.99 கொடுத்துப் பாருங்கள்.

அவசரத்தில் 0.5 கூட்டிவிட்டு வெட்டினேன். 435 வந்தது. சார் விடவில்லை, அதே வழியில் -2.7ஐ முழு எண்ணாக்கச் சொன்னார். கூட்டினால் -2.2, வெட்டினால் -2. வர வேண்டியது -3. ஒழுங்கான வழி, பக்கத்து முழு எண்ணைத் தரும் ரவுண்ட் ஃபங்ஷன்தான். லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் என்றால் கம்பைல் செய்யும்போது கடைசியில் மைனஸ் எல்.எம். (-lm, கணித நூலகத்தை இணைக்கும் குறி) சேர்க்க மறக்காதீர்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) 2.5ஐ ரவுண்ட் செய்தால் என்ன வரும் என்று கேட்பார்கள். சியின் ரவுண்ட் 3 தரும், பைத்தான் 3 பதிப்பில் 2 வரும். பைத்தான் சரிபாதியை இரட்டை எண் பக்கம் தள்ளும். இது எனக்குப் புரிந்தது அம்மாவின் பால் சொசைட்டி சீட்டுகளை வைத்துத்தான். 0.5, 1.5, 2.5, 3.5 கூட்டினால் 8. எல்லாப் பாதியையும் மேலே ஏற்றினால் 10 ஆகிவிடும், இரட்டைக்குத் தள்ளினால் 0, 2, 2, 4, அதே 8. பாதியை எப்போதும் மேலே ஏற்றினால் மாதக் கடைசியில் சொசைட்டிக்குக் கை கடிக்கும், எப்போதும் வெட்டினால் அம்மாவுக்கு.

அப்புறம் -2.5. சியில் -3, ஜாவாவின் மேத் ரவுண்டில் -2. எந்த மொழி என்று முதலில் கேட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை, இரண்டு மார்க் போனது.