ஜீப் ஆல்டர்னேட்டர்: சார்ஜிங் லைட்டிலிருந்து பேட்டரி வரை

எங்கள் வீட்டு ஜீப் பழைய மகேந்திரா டீசல். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி, குன்றக்குடி, அவசரத்துக்குத் தேவகோட்டை என்று இந்தச் சுற்றுக்குள்ளேயே ஓடுகிற வண்டி. பகலில் ஒரு குறையும் இல்லை. ராத்திரியில் ஹெட்லைட்டைப் போட்டு வைப்பரையும் ஓடவிட்டால் வெளிச்சம் மஞ்சளடித்துவிடும். மறுநாள் காலையில் செல்ஃப் இழுக்காது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மாற்றியாயிற்று, பேட்டரியும் மாற்றியாயிற்று, கோளாறு மட்டும் அப்படியே இருந்தது. இனி எதையும் மாற்றுவதற்கு முன்னால், என்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி வரையிலான சார்ஜிங் ஒயரிங் எப்படி வேலை செய்கிறது என்று முழுசாகத் தெரிந்துகொள்ளலாம் என்று இறங்கினேன். இதுவரை பார்த்ததை எழுதிவைக்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்கே நிறைய நேரம் பிடித்தது. வண்டி மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியின் வழக்கப்படி நிறத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பழுப்பு என்றால் எப்போதும் கரண்ட் இருக்கும். வெள்ளையில் சாவி போட்டால்தான் வரும். கறுப்பு எர்த். பழுப்பில் மஞ்சள் கோடு ஓடினால் சார்ஜிங் லைட். எங்கள் ஜீப்பிலோ கைக்குக் கிடைத்த நிறத்தையெல்லாம் முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் அடிக்கிற இடத்தில் வைத்து, ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையையும் தேடிப் பிடித்து, கார் செட்டின் சிமென்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். மைனஸைக் கழற்றாமல் இதைத் தொடவே கூடாது. சாவி போடாவிட்டாலும் ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டில் பேட்டரி கரண்ட் நேராக வந்து நிற்கும். ஸ்பேனர் அந்த போல்ட்டையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறந்துவிடும், கையும் பொசுங்கும்.

வரைந்து முடித்துப் பார்த்தால் ஆல்டர்னேட்டருக்கு வருகிற ஒயர்கள் இரண்டே இரண்டு. ஒன்று பி பிளஸ். தடித்த ஒயர், பேட்டரிக்குப் போவது. இன்னொன்று டி பிளஸ். சில ஆல்டர்னேட்டரில் இதை எல் என்றும், ஐஎன்டி என்றும் போட்டிருப்பார்கள். மெல்லிய ஒயர், சாவியிலிருந்து சார்ஜிங் லைட்டுக்குள் புகுந்து இங்கே வருகிறது. டபிள்யூ என்று மூன்றாவதாக ஒரு முனை, அதில் ஒயரே இல்லை. மைனஸுக்கும் தனி ஒயர் கிடையாது, அதன் உடம்பே எர்த்.

காரைக்குடியில் தெரிந்த பட்டறைக்குப் போய், "அண்ணே, ரிப்பேருக்கு ஆகாத ஆல்டர்னேட்டர் ஒண்ணு கிடைக்குமா, பிரிச்சுப் பார்க்கத்தான்" என்று கேட்டேன். "மூலையில கிடக்குது தம்பி, எடுத்துக்கங்க. வண்டி ஓடுறப்ப மட்டும் பேட்டரியக் கழட்டிப் பார்த்துராதீங்க" என்றார். அவர் சொன்னது மிகச் சரி. ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்தில் வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, என்ஜின் அணையவில்லை என்றால் டைனமோ நல்லாயிருக்கிறது என்பார்கள். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்த கரண்டுக்குத் திடீரென்று போக இடமில்லாமல் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டையோடும் ரெகுலேட்டரும் அந்த நொடியிலேயே போய்விடலாம்.

பிரித்தால் உள்ளே முழுக்க நம் ஊர்ச் செம்மண் புழுதி, என்ஜின் ஆயிலோடு குழைந்து அப்பியிருந்தது. டீசலில் நனைத்த பிரஷால் வெளிப்பாகங்களையும், காயில் (கம்பிச் சுருள்) இருக்கும் இடங்களை வெறும் காற்றாலும் சுத்தம் செய்தேன். சுற்றுகிற பாகமான ரோட்டார் என்பது ஒரு காயில், அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்பு நகங்கள். பக்கத்துக்கு ஆறு நகம். காயிலின் இரண்டு முனையும் ஷாஃப்டில் உள்ள இரண்டு செம்பு வளையங்களில் முடிகின்றன. வளையத்துக்கு வளையம் மீட்டர் வைத்தால் 4 ஓம் காட்டியது. வளையத்துக்கும் ஷாஃப்டுக்கும் வைத்தால் ஒன்றும் காட்டக் கூடாது, காட்டவில்லை. ரோட்டார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வளையங்களில் உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் சின்னதாக இருப்பதன் காரணம் இங்கேதான் புரிந்தது. டைனமோவில் வெளியே போகிற கரண்ட் மொத்தமும் பிரஷ் வழியாகத்தான் வரவேண்டும். இதில் பிரஷ் சுமப்பது ரோட்டாரைக் காந்தமாக்கும் இரண்டு மூன்று ஆம்பியர் மட்டுமே. பெரிய கரண்ட் பிறப்பது அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில்.

ஸ்டேட்டரில் மூன்று வைண்டிங். அதில் வருவது ஏசி, பேட்டரிக்கு வேண்டியது டிசி. தட்டில் பதித்த ஆறு பெரிய டையோடுகள் அந்த வேலையைச் செய்து பி பிளஸுக்கு அனுப்புகின்றன. வண்டி நிற்கும்போது பேட்டரி கரண்ட் திரும்பி ஸ்டேட்டருக்குள் இறங்காமல் தடுப்பதும் இவைதான். அதனால்தான் கரண்ட் திரும்பாமல் துண்டிக்க டைனமோவுக்கு இருந்த கட்-அவுட் இதற்கு இல்லை. பக்கத்திலேயே மூன்று சின்ன டையோடுகள் தனியாக இருந்தன. அவை ரோட்டாருக்கு மட்டும் கரண்ட் கொடுக்க, டி பிளஸில் சேர்கின்றன. ஈயப்பற்றை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நல்ல டையோடு மீட்டரை ஒரு பக்கம் வைத்தால் காட்டும், மாற்றி வைத்தால் காட்டாது. பெரியவற்றில் ஒன்று இரண்டு பக்கமும் காட்டியது. இதைப் பட்டறை மூலையில் தள்ளிய காரணம் அதுதான்.

வேறு டையோடு தட்டு வாங்கிப் போட்டு, அரை எச்பி மோட்டாரில் பெல்ட் மாட்டி, பலகையில் போல்ட் செய்து, ஜீப்பில் இருக்கிற மாதிரியே பேட்டரி, சுவிட்ச், 2.2 வாட் சார்ஜிங் பல்பு எல்லாம் இணைத்தேன். ஹெட்லைட் பல்பு ஒன்று லோடுக்கு. இரண்டாவது பல்பையும் போட்டால் மோட்டார் திணறிவிடும்.

இந்த விளையாட்டு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சின்ன பல்பு. சாவி போட்டதும் எரிகிறது, வண்டி ஓடியதும் அணைகிறது, அதனால் அது வெறும் அடையாள விளக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். சுவிட்சைப் போட்டு, சுற்றாமல் நிற்கும் ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங் அருகே ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோனால் மெல்ல இழுக்கிறது. பல்பைக் கழற்றினால் இழுப்பு போய்விடுகிறது. பல்பு வழியாக வருகிற 0.18 ஆம்பியர்தான் ரோட்டாரை முதலில் காந்தமாக்குகிறது! கைபம்பில் முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறோமே, அந்த வேலை. மோட்டாரைப் போட்டதும் ஸ்டேட்டரில் கரண்ட் பிறந்து, சின்ன டையோடுகள் வழியாக ரோட்டாருக்கே திரும்பி வர, அதற்குப் பிறகு பல்பின் தயவு தேவையில்லை.

அணைவதற்கும் அங்கேயே விடை இருந்தது. சுற்றாதபோது டி பிளஸில் ஒன்றரை வோல்ட்தான், பல்பின் மறுமுனையில் 12.6, அதனால் எரிகிறது. சுற்றியதும் டி பிளஸ் 14.2-க்கு ஏறுகிறது, மறுமுனையும் அதே 14.2. இரண்டு முனையும் ஒரே வோல்டேஜில் நின்றால் பல்புக்குள் கரண்ட் ஓட வழியில்லை. ஓடும்போது மங்கலாக எரிந்தால் இரண்டு முனைக்கும் வித்தியாசம் இருக்கிறது, டையோடு பக்கம் பார்க்க வேண்டும் என்று பொருள்.

பல்பைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டிப் பார்த்தேன். சார்ஜே இல்லை. இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்து, வேகம் கூட்டினால் தானாகச் சார்ஜ் எழுகிற ஆல்டர்னேட்டர்களும் உண்டு. என் மோட்டார் வேகத்துக்கு இது எழவில்லை. அப்புறம் பல்புக்குப் பதிலாக எல்இடி போட்டேன், அப்போதும் இல்லை. எல்இடி விடுகிற சொற்பக் கரண்ட் போதாது. அதோடு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்ததும் உடனே எழுந்தது. டாஷ்போர்டில் எல்லாவற்றையும் எல்இடி ஆக்குகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

சரி, ஜீப்புக்கு வருவோம். என்ஜின் ஓட, ஹெட்லைட் போட்டு அளந்தேன். ஆல்டர்னேட்டர் போல்ட்டில் 14.2. பேட்டரி முனையில் 13.0. நடுவே 1.2 வோல்ட் காணோம். சிவப்பு முனையை பி பிளஸிலும் கறுப்பு முனையை பேட்டரி பிளஸிலும் வைத்தால் 0.9, அதாவது பிளஸ் பக்கம் மட்டுமே இவ்வளவு விழுகிறது. மைனஸ் பக்கம் அதே மாதிரி அளந்தால் 0.3.

சிக்ரியில், அதாவது 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் இந்த எண்களைக் காட்டினேன். "பதிமூணுல நிறுத்தினா பேட்டரி நிறையவே நிறையாதுப்பா. பாதி வயித்தோடயே கிடந்தா தகட்டுல ஈய சல்பேட்டு இறுகிப்போகும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது" என்றார். புது பேட்டரியும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது இப்போது விளங்கியது.

பிளஸ் பக்கத்துக் காரணம் டாஷ்போர்டில் இருந்த ஆம்பியர் மீட்டர். பழைய ஜீப் ஒயரிங்கில் சார்ஜ் கரண்ட் மொத்தமும் டாஷ்போர்டுக்குப் போய், மீட்டருக்குள் புகுந்து, திரும்ப வந்துதான் பேட்டரியைச் சேரும். போகவரப் பழைய ஒயர், மீட்டரின் பின்னால் தளர்ந்த நட்டு, ஒயர் முனைகளில் பச்சை பூத்த லக்குகள். அந்த மீட்டரைச் சுற்றிலிருந்தே எடுத்துவிட்டு அந்த இடத்தில் வோல்ட் மீட்டர் வைத்தேன். பி பிளஸிலிருந்து 10 சதுர மில்லிமீட்டர் கேபிளை நேராக ஸ்டார்ட்டரின் பேட்டரி போல்ட்டுக்கு இழுத்து, பேட்டரி பக்கம் 60 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். டாஷ்போர்டுக்குத் தேவையான கரண்ட் தனி ஃபியூஸோடு அங்கிருந்தே போகிறது. மைனஸ் பக்கம், ஆல்டர்னேட்டர் உட்காரும் பிராக்கெட்டில் பெயின்ட் அடித்திருந்தது. போல்ட் படுகிற இடத்தை எமரி தாளால் பளிச்சென்று தேய்த்து, என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே புது எர்த் பட்டை போட்டேன்.

மறுபடி அளந்தபோது பிளஸ் பக்கம் 0.12, மைனஸ் பக்கம் 0.05, ஹெட்லைட்டோடு பேட்டரி முனையில் 14.0. ஆல்டர்னேட்டர் அதே பழையதுதான், அதில் ஒரு திருகைக்கூடத் திருப்பவில்லை. ராத்திரி பிள்ளையார்பட்டி வரை போய்வந்தேன், வெளிச்சம் வெள்ளையாகவே நின்றது.

இப்போது கை வைத்திருப்பது சும்மா கிடந்த டபிள்யூ முனையில். அது ஸ்டேட்டரின் ஒரு வைண்டிங்கிலிருந்து நேராக வருவது. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பதால் என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டருக்கு இங்கிருந்து சிக்னல் எடுப்பது வழக்கம். பக்கத்துக்கு ஆறு நகம் என்பதால் ரோட்டார் ஒரு சுற்றுக்கு ஆறு அலை. எங்கள் ஜீப்பில் என்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் இரண்டு சுற்றும். ஐட்லிங் 800 என்றால் மல்டிமீட்டர் 160 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். நேற்று வைத்துப் பார்த்தேன், 150-க்கும் 165-க்கும் நடுவே ஆடியது. அடுத்தது இந்த முனையை ஏற்கிற டீசல் ஆர்பிஎம் மீட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, பழைய ஆம்பியர் மீட்டர் வாங்கிய திங்கட்கிழமைச் சந்தையிலேயே அதற்கேற்ற வட்டச் சட்டமும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.