அன்னா குபெஷ்கோவா: பில்சன் முதல் லேவர்டன் வரை

செக் நாட்டு வீராங்கனைகள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது டென்னிஸ்தான். நவ்ரத்திலோவா, குவித்தோவா போன்ற பெயர்கள் நம் செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கங்களில் பல ஆண்டுகளாக இடம்பெற்று வந்திருக்கின்றன. அதே நாட்டின் மகளிர் கர்லிங் அணிக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கிய அன்னா குபெஷ்கோவாவின் பெயரை அங்கே நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. உலகப் பதக்கமும் ஒலிம்பிக் வாய்ப்பும் அவருக்குக் கிட்டாததுதான் அதற்குக் காரணம் என்றால், அந்த அளவுகோல் அவருக்குச் செய்வது அநீதி என்றே நான் கருதுகிறேன். அவர் எங்கே தோற்றார், யாரிடம் தோற்றார், தோற்றபின் என்ன செய்தார் என்பதைப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் முற்றிலும் வேறு.

கர்லிங்கைப் பார்த்திராதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளத்தில், 20 கிலோவை நெருங்கும் எடைகொண்ட கருங்கல்லைச் சறுக்கிவிட்டு, மறுமுனையில் வரைந்திருக்கும் வட்டங்களின் மையத்துக்கு அருகில் நிறுத்த வேண்டும். அணிக்கு நால்வர், ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றில் இரண்டு கற்கள், சர்வதேசப் போட்டிகளில் பத்துச் சுற்றுகள். அணித்தலைவரை ஸ்கிப் என்பார்கள். கிரிக்கெட்டில் களவியூகம் வகுக்கும் கேப்டனே கடைசி ஓவரையும் வீசுவதுபோல, எந்தக் கல் எங்கே போக வேண்டும் என்று முடிவுசெய்யும் ஸ்கிப்தான் பெரும்பாலும் சுற்றின் கடைசிக் கற்களையும் விடுகிறார்.

சக வீராங்கனை கல்லை விடத் தயாராகும்போது, ஸ்கிப் மறுமுனையில் வட்டங்களுக்குள் நின்று, தம் பிரஷ்ஷைப் பனியின்மேல் ஊன்றிக் குறி காட்டுகிறார். மெதுவாக விடப்பட்ட கல் வந்துசேர 20 நொடிகளுக்கும் மேல் ஆகலாம். தண்ணீர்த் துளிகளைத் தெளித்து உறையவைத்த சிறு புள்ளிகள் தளமெங்கும் இருக்கின்றன; விடும்போது கொடுக்கும் சுழற்சியால் கல் அவற்றின்மேல் நேர்கோட்டில் வராமல் வளைந்துகொண்டே வருகிறது. வளைவு அதிகமானாலோ வேகம் குறைந்தாலோ, கல்லுக்கு முன்னே ஓடும் இருவரிடம் ஸ்கிப் உரக்கக் குரல் கொடுப்பார். அவர்கள் பனியை வேகமாகத் தேய்க்கத் தேய்க்க உராய்வு குறைந்து கல் இன்னும் சற்றுத் தூரம், இன்னும் சற்று நேராக ஓடும். இந்தச் சில நொடிகளுக்குள் அடுத்த மூன்று கற்களையும் சேர்த்து யோசிப்பதுதான் ஸ்கிப்பின் வேலை.

ஐரோப்பிய நாடு ஒன்றுக்கு உலகப் போட்டியில் இடம் சும்மா கிடைப்பதில்லை. வழக்கமாக நவம்பர் மாதத்தில் நடக்கும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பின் முதல் பிரிவில் சுவீடன், சுவிட்சர்லாந்து, ஸ்காட்லாந்து போன்ற அணிகளுடன் மோதி முன்வரிசையில் முடிக்க வேண்டும். கடைசி இடங்களில் முடித்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க நேரிடும். குபெஷ்கோவாவின் அணி 2017-இல் பெய்ஜிங்கில் நடந்த உலகப் போட்டிக்குத் தகுதி பெற்று ஆடியது. அவர்கள் மனம் அப்போது 2018-ஆம் ஆண்டின் பியோங்சாங் ஒலிம்பிக்கின்மீது இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கான கடைசித் தகுதிச்சுற்று 2017 டிசம்பரில் நடந்தது. நடந்த இடமோ செக் நாட்டின் பில்சன் நகரம். சொந்த மண்ணில், சொந்த ரசிகர்கள் முன்னிலையில் ஆடியும் இடம் கிடைக்கவில்லை. சீனாவும் டென்மார்க்கும் ஒலிம்பிக்குக்குச் சென்றன.

ஒரு அணி கலைந்துபோவதற்கு அது போதுமான காரணம். ஆனால் மூன்றே மாதங்களில், 2018 மார்ச்சில், கனடாவின் நார்த் பே நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அல்ஷ்பியெட்டா பௌடிஷோவா, தெரேசா ப்ளீஷ்கோவா ஆகியோருடன் குபெஷ்கோவா மீண்டும் களமிறங்கினார். 13 நாடுகள், ஒவ்வொன்றுக்கும் 12 லீக் ஆட்டங்கள், அவற்றில் முதல் ஆறு நாடுகளுக்கு மட்டுமே அடுத்த கட்டம் என்பது ஏற்பாடு. கனடா, சுவீடன், ரஷ்யா, அமெரிக்கா, தென்கொரியா ஆகியவற்றோடு ஆறாவதாக அந்த வரிசையில் நின்றது செக் குடியரசு. பில்சனில் ஒலிம்பிக் இடம் பெற்ற இரு நாடுகளும் நார்த் பேயில் ஆடின. இரண்டுக்கும் முதல் ஆறில் இடம் கிடைக்கவில்லை. செக் அணியும் நாக்-அவுட்டின் முதல் கட்டத்தைத் தாண்டவில்லை, ஜெனிஃபர் ஜோன்ஸின் கனடா அணியே பட்டம் வென்றது. என்றாலும் குபெஷ்கோவாவின் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தப் போட்டிதான்.

பிறகு வந்த ஆண்டுகளைக் கொரோனா விழுங்கியது. 2020 உலகப் போட்டிக்கும் செக் அணி தகுதி பெற்றிருந்தது. கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜில் ஆட்டம் தொடங்க இரண்டே நாள்கள் இருக்கையில் அது ரத்தானது. 2021-இல் சுவிட்சர்லாந்தில் நடக்கவேண்டியதும் கைவிடப்பட்டு, வெளியுலகத் தொடர்பின்றிக் கால்கரியில் நடத்தப்பட்டது. அங்கே முதல் ஆறு இடங்களுக்கே நேரடி ஒலிம்பிக் வாய்ப்பு என்பதால், அந்த ஆறுக்குள் வராத குபெஷ்கோவாவின் அணி மறுபடியும் கடைசித் தகுதிச்சுற்றுக்கு, இம்முறை நெதர்லாந்தின் லேவர்டனுக்கு, 2021 டிசம்பரில் சென்றது.

அந்தச் சுற்றின் கடுமையை யாரும் போதுமான அளவு எடுத்துச் சொல்லவில்லை என்பது என் ஆதங்கம். ஒன்பது அணிகளுக்கு மூன்றே இடங்கள். எதிரே நின்றவர்களில் 2018 ஒலிம்பிக்கின் வெள்ளி வென்ற தென்கொரியாவும் வெண்கலம் வென்ற ஜப்பானும் ஈவ் மியூர்ஹெட்டின் பிரிட்டன் அணியும் இருந்தன. அம்மூன்று அணிகளும்தான் முன்னேறின. இரண்டே மாதங்களில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கத்தை பிரிட்டனும் வெள்ளியை ஜப்பானும் வென்றன. அத்தகைய அணிகளிடம் இடத்தை இழந்ததைத் தோல்வி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அதே பெய்ஜிங்கில் செக் நாடு முதன்முறையாக ஒலிம்பிக் கர்லிங்கில் ஆடவும் செய்தது. ஆடியவர்கள் கலப்பு இரட்டையர் பிரிவில் சூசனா பௌலோவாவும் அவருடைய கணவர் தோமாஷ் பௌலும். அவர்கள் கால்பதித்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் நால்வர் ஆடும் மகளிர் பிரிவில் செக் நாட்டின் பெயர் 2026-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிலும் இடம்பெறவில்லை.