கப்பலுக்கு போறவங்களுக்கு கார் சீட் எதுக்கு?

பத்து மாச பொண்ண தூக்கிக்கிட்டு சிங்கப்பூர் போய் க்ரூஸ் ஏறப்போறோம்னு சொன்னப்போ வேலூர் சத்துவாச்சாரில எங்க வீட்ல யாரும் கடல் காத்து ஒத்துக்குமான்னு கேக்கல, ஹால்ல கெடந்த, கார்ல குழந்தைய கட்டி உக்கார வெக்கற சீட்ட பாத்துட்டு எங்க அத்தை கேட்டது இதான்: "இன்னாத்துக்குமா இம்மாம் பெரிய கூடை, கப்பல்ல இன்னா காரா ஓடப்போவுது?"

நியாயமான கேள்வி. கப்பல்ல அதுக்கு ஒரு வேலையும் கெடையாது. ஆனா கப்பல் பாலாத்துக்கு வராதே, நாம தானே அது நிக்கற எடத்துக்கு போகணும். எங்க வீட்லேர்ந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட் சுமார் 130 கிலோமீட்டர், அதுல வாலாஜா தாண்டி பூந்தமல்லி வரைக்கும் ஆறு வழி ஆக்கறோம்னு வருஷக்கணக்கா தோண்டிப் போட்ட ரோடு, டைவர்ஷன் எங்க வரும்னே தெரியாது, பின்னாடியே ஒரு லாரி ஹாரன் அடிச்சிக்கிட்டு வரும். அந்த ரோட்ல குழந்தைய மடில வெச்சிக்கிட்டு சடன் பிரேக் போட்டா எவ்ளோ இறுக்கி பிடிச்சிருந்தாலும் கை நிக்காதுங்க. சட்டம் கூட இருக்கு, 2019ல திருத்தின மோட்டார் வாகன சட்டத்துல 194பி பிரிவு, 14 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்கள பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம கூட்டிட்டு போனா 1000 ரூபா ஃபைன். அத கேட்டு யாரையும் மடக்கினத நான் பாத்ததில்ல, அது வேற கதை.

எங்க கார்ல இருக்கறது ஐசோஃபிக்ஸ் (கார்லயே இருக்கற இரும்பு கொக்கில நேரா மாட்டறது) வெச்ச பெரிய சீட், அத தூக்கிக்கிட்டு ஃப்ளைட் ஏறினா முதுகு போயிடும். அதனால நாத்தனார் கிட்ட இருந்த பக்கெட் சீட்ட வாங்கினோம், கைப்பிடி வெச்சது, 13 கிலோ வரைக்கும் தாங்கும், நம்மாளு எட்டரை கிலோ தான். இரவல் வாங்கறதுல ரெண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கணும், அது எந்த ஆக்சிடென்ட்லயும் மாட்டலையே, அடியில அச்சடிச்சிருக்கற காலாவதி தேதி தாண்டலையே. இதோட பேஸ், அதாவது கார்ல மாட்டற அடிப்பாகம், தனியா வரும், அத வீட்லயே விட்டுட்டோம், ஏன்னா காரோட சாதா சீட் பெல்ட்லயே கட்டிடலாம். இடுப்பு பெல்ட் குழந்தையோட கால் மேல, தோள் பெல்ட் சீட்டோட முதுக சுத்தி, பக்கத்துல நீல கலர்ல இருக்கற கொக்கி வழியா. குழந்தை மூஞ்சி பின்பக்கமா பாக்கணும். முன் சீட்ல ஏர்பேக் ஆன்ல இருந்தா அங்க வெக்கவே கூடாது.

படிக்கும்போது சுலபம். விடிகாலை மூணு மணிக்கு டாக்சி வந்துச்சு, பின் சீட்ல பெல்ட் தொங்குது, பக்கிள காணோம்! புதுசா போட்ட ரெக்சின் கவருக்கு அடியில பொதைஞ்சி கெடக்கு. டிரைவர் அண்ணா "பின்னாடி யாருமா பெல்ட் போடறாங்க"ன்னு சிரிக்கறார், வீட்டுக்காரர் செல்ஃபோன் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு கவருக்குள்ள கைய விட்டு தேடறார், அத்தை வாசல்ல நின்னு "நான் தான் அப்பவே சொன்னேனே"ங்கற பார்வை. இருபது நிமிஷம் ஆச்சு. டாக்சி புக் பண்ணும்போதே பின் சீட் பெல்ட்டும் பக்கிளும் வெளிய இருக்கானு போட்டோ அனுப்ப சொல்லுங்க, சில பழைய வண்டில பெல்ட் நீளமே பத்தாது.

ஃப்ளைட்ல ரெண்டு வயசுக்கு கீழன்னா மடி தான், சீட்ட செக்-இன்ல போட்டோம், தனி லக்கேஜ் காசு கேக்கல. சிங்கப்பூர்ல ரூல் கொஞ்சம் விசித்திரம், 1.35 மீட்டர் உயரத்துக்கு கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு கார்ல குழந்தை சீட் கட்டாயம், ஆனா டாக்சிக்கு விலக்கு, ஆப்ல கூப்பிடற ப்ரைவேட் கார்களுக்கு விலக்கு இல்ல. நம்ம கிட்ட தான் சீட் இருக்கே, எது வந்தா என்னன்னு ஏறிட்டோம். சீட் இல்லாதவங்க எம்ஆர்டி, அதான் அங்க ஓடற மெட்ரோ ரயில், புடிக்கலாம், மரினா சவுத் பியர் ஸ்டேஷன்லேர்ந்து க்ரூஸ் சென்டருக்கு நடந்துடலாம்.

கப்பல்ல பெட்டிக்கெல்லாம் டேக் கட்டி குடுத்துட்டா சாயங்காலம் தான் ரூமுக்கு வரும், சீட்ட நாங்க கையிலயே வெச்சிக்கிட்டோம், தேவையே இல்லாம கனம். ரூமோ எங்க வீட்டு சமையலறை அளவு. கட்டிலுக்கு அடியில பெட்டி போகுது, பக்கெட் போகல, அலமாரி அடித்தட்டுல திணிச்சதுல என் பொடவை ரெண்டு கசங்கிச்சு. இன்னொரு சங்கடம் தூளி. நம்மாளுக்கு தூளி இல்லாம தூக்கமே வராது, கப்பல் ரூம்ல எங்க கொக்கி? முன்னாடியே கேட்டு வெச்ச தொட்டில்ல போட்டா அழுகை, கார் சீட்ல வெச்சு ஆட்டினா தூங்கறா. ராத்திரி முழுக்க அதுலயே விட்டுடலாமான்னு ஆசை தான் வந்துச்சு, ஆனா அப்படி விடக்கூடாது, தலை முன்னாடி சாஞ்சு தாடை நெஞ்சுல இடிச்சா மூச்சுக்குழாய் மடங்கும். தூங்கினதும் தொட்டிலுக்கு மாத்தணும், மாத்தினா முழிச்சுக்குவா, நாலு ராத்திரியும் இதான் எங்க பொழைப்பு.

ஊர் சுத்தறதுக்கு சீட்ட வெளியவே எடுக்கல. பினாங்குல கப்பல் நிக்கற ஸ்வெட்டன்ஹாம் பியர்லேர்ந்து ஜார்ஜ்டவுன் நடக்கற தூரம், லிட்டில் இந்தியால இட்லியே கெடைச்சுது. ஃபுக்கெட்ல பட்டாங் பீச்சுக்கு சின்ன படகுல மாத்தி கூட்டிட்டு போறாங்க, ஆடற படகுல பக்கெட்ட வெச்சிக்கிட்டு எறங்கறது நடக்காத காரியம், நெஞ்சுல கட்டற கேரியர் போதும். போர்ட் கிளாங் போற கப்பலும் இருந்துச்சு, அங்கேர்ந்து கோலாலம்பூர் ஒரு மணி நேர ரோடு, மறுபடி சீட் கட்டற வேலை, அதான் பினாங்கு, ஃபுக்கெட் போற இந்த கப்பல எடுத்தோம்.

திரும்பி வரும்போது ஏர்போர்ட்டுக்கு அதே டிரைவர் அண்ணா. கதவ தொறந்தா பக்கிள் பளிச்னு வெளிய நிக்குது, கவர்ல பிளேடால வெட்டின ஒரு ஓட்டை. சீட் ரெண்டே நிமிஷத்துல உக்காந்துச்சு. காவேரிப்பாக்கம் கிட்ட டீக்கு நிறுத்தி குழந்தைய அரை மணி நேரம் வெளிய எடுத்து வெச்சிருந்தப்போ தான் சொன்னார், கவர கிழிச்சதுக்கு ஓனர் ரெண்டு நாள் பேசலையாம்.