5 டாலர் ஷூவும் 91-ஆம் சங்கீதமும்

மெல்பர்ன் வந்து மூன்றாவது ஞாயிறு. 2019 ஜூலை, நல்ல குளிர். பழக்கதோஷத்தில் சர்ச் வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். ஆராதனை முடிந்து வந்தால் ஷூவைக் காணோம். ஈரோட்டுக்காரிக்கு முதலில் என்ன தோன்றும்? எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான். கடைசியில் பார்த்தால், பழைய சாமான் விற்கும் மேசையில் 5 டாலர் ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருக்கிறது. யாரோ தானமாக விட்டுப்போனது என்று ஒரு பாட்டியம்மா எடுத்து வைத்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு சாரி சாரி என்றார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது டிராமில்தான் அழுகை வந்தது.

பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் (சர்ச்சை அங்கே அப்படித்தான் சொல்வோம்) வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அப்பாவின் டயர் செருப்பு எப்போதும் வேப்ப மரத்தடியில், தனியாக.

இதில் ஒரு வேடிக்கை. ஈரோட்டில் மீனாட்சி சுந்தரனார் சாலை என்று போர்டு இருந்தாலும் எல்லார் வாயிலும் அது பிரப் ரோடுதான். அந்த பிரப், இந்த ஆஸ்திரேலியாவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த மிஷனரி. அவர் வந்த வழியில் நான் எதிர்த்திசையில் வந்திருக்கிறேன். அவருக்கு ஈரோட்டு வெயில் முதல் வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

மற்றபடி செட்டிலாகிவிட்டேன். குப்பைத் தொட்டி எந்தக் கிழமை வெளியே போகவேண்டும் என்பதுகூடத் தெரியும். ஊரில் கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன்.

2021 மே மாதம் அப்பாவுக்குக் கொரோனா. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அப்போது இங்கே கதவு சாத்தியிருந்தது. மீறி வந்தால் 5 வருஷம் வரை சிறை என்று அறிவித்திருந்தார்கள். போனால் குழந்தையிடம் எப்போது திரும்புவேன் என்று தெரியாது. தம்பி மணிக்கொரு தரம் ஆக்சிஜன் அளவை வாட்ஸாப்பில் அனுப்பினான். 93. பிறகு 91. உடனே எனக்கு பைபிளின் 91-ஆம் சங்கீதம் ஞாபகம் வந்தது. "பாழாக்கும் கொள்ளைநோய்க்கும் தப்புவிப்பார்" என்று அதில்தானே இருக்கிறது! ஆண்டவரே அடையாளம் காட்டிவிட்டார் என்று சமையலறைத் தரையில் முழங்கால் போட்டேன். அடுத்த மெசேஜ் 86. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். நடுவில் இரண்டு தடவை நெட் போய்விட்டது.

அதற்கப்புறம் அந்தச் சங்கீதத்தை நான் திறக்கவில்லை.

ஊரில் இதை வெளியே சொன்னால் பின்மாற்றம், விசுவாசத்திலிருந்து விலகிவிட்டாள் என்பார்கள். இங்கே புதன்கிழமைக் கூட்டத்தில் பிஸ்கட் தட்டை நீட்டுகிற மாதிரியே, "உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்கிறார்கள். நல்லவர்கள்தான். ஆனால் 91, 86 என்று இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு நான் அங்கே என்ன விளக்குவது? டீ போடுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கெட்டிலுக்கு முன்னால் நின்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

எங்கள் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, ஞாபகம்தான் வரும். மாமாவை லாரி அடித்துப்போட்ட அடுத்த ஞாயிறு, வழக்கம்போல மடி நிறையச் செவ்வந்தி கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். பீடத்துக்குப் பூ வைப்பது அவர் முறை. "சாமி மேல கோவமில்லீங்களா அம்மிச்சி?" என்றேன். "கோவமில்லாம? அவருகிட்டப் பேசறதையே உட்டுட்டேன். அதுக்குப் பூவு என்ன கண்ணு பண்ணுச்சு?" என்றார். நாலு மாதம் பேசாமலேயே பூ வைத்தார். அப்புறம் எப்போது பேச ஆரம்பித்தார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது கேட்க அவரும் இல்லை.

போன மாதம் இரவு பதினோரு மணிக்கு ஒரு போன். இங்கே படிக்க வந்திருக்கும் திருப்பூர்ப் பெண். அம்மா ஐசியூவில். "அக்கா, ஜெபம் பண்ணுங்கக்கா. அந்த 91 படிங்களேன்." வேறு எதைக் கேட்டிருந்தாலும் படித்திருப்பேன். இருந்தாலும் பைபிளை எடுத்தேன். பக்கம் தானாகவே திறந்தது, அவ்வளவு பழைய மடிப்பு. மூன்றாம் வசனத்தில் தொண்டை அடைத்துவிட்டது. நான் நிறுத்தியது அவளுக்குத் தெரிந்ததா இல்லையா, அந்தப் பக்கம் அவளே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போனாள். நான் ஒரு வார்த்தை பிந்தி, பின்னாலேயே போனேன்.

அவள் அம்மா வார்டுக்கு மாறியிருக்கிறார். இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். நான் எதுவும் உறுதி சொல்லவில்லை. தினமும் ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறாள், படிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் அரிசிம்பருப்பு சாதம் செய்கிறேன், வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். நெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.