தாடைக்குப் போன கால் எலும்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

நாளை பெரிய கேஸ். 46 வயது லாரி ஓட்டுநர். வருடக்கணக்காகப் புகையிலை அடக்கியதில் கீழ்த்தாடையில் புற்று. அழுகிய பாகத்தை எடுத்துவிட்டு, கால் எலும்பான ஃபிபுலாவை அங்கே வைக்கிறோம். "எலும்ப எடுத்துட்டா நடக்க முடியுமா சார்?" என்றார். உடம்பைத் தாங்குவது பக்கத்து எலும்பு. கணுக்காலுக்கு மேல் ஆறேழு சென்டிமீட்டரைத் தொடமாட்டோம் என்றேன்.

வெறும் எலும்பை வைத்தால் போதாதா என்று அவர் மனைவி கேட்டார். ரத்தம் ஓடாத எலும்பு செத்த எலும்பு. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் புது எலும்பாக்க மாதங்கள் ஆகும். இவருக்கு ஆறு வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்கியாக வேண்டும். அதனால்தான் ரத்தக்குழாயோடு எடுக்கிறோம். 1975இல் மெல்போர்ன் சர்ஜன் இயன் டெய்லர் இதைக் காலுக்குச் செய்து எழுதினார். 1989இல் ஹிடால்கோ தாடைக்கு.

மார்ச் 5, புதன்

நேரான எலும்பைத் தாடைபோல் வளைக்க இரண்டு இடத்தில் வெட்டினோம். மேலே போர்த்தியிருக்கும் சவ்வு கிழியக்கூடாது, துண்டுகளுக்கு அது வழியாகத்தான் ரத்தம். பிறகு மைக்ரோஸ்கோப்பில், முடியைவிட மெல்லிய நைலான் நூலால் தமனியையும் சிரையையும் கழுத்துக் குழாய்களோடு தைத்தார் சீஃப். ரத்தக்குழாயைப் பிடித்திருந்த கிளாம்பை விட்டதும் எலும்பின் வெட்டுமுனையில் ரத்தம் துளிர்த்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மார்ச் 6, வியாழன், அதிகாலை 2.40

எலும்பு கண்ணுக்குத் தெரியாது. அதோடு எடுத்து வாய்க்குள் தைத்த தோல்தான் அதற்குச் சாட்சி. மணிக்கொரு தடவை பார்க்கிறேன். ஒரு மணிக்கு நல்ல நிறம். இப்போது நீலம் தட்டி, உப்பியிருக்கிறது. ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியில் தமனிச் சத்தம் கேட்கிறது, அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ஊசியால் குத்தினேன்: குபுக்கென்று கருஞ்சிவப்பு ரத்தம். உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. சிரை அடைத்துவிட்டது. சீஃபை எழுப்பிவிட்டேன். தியேட்டர் தயாராகிறது.

அதே நாள், மாலை

சிரையில் ரத்தக்கட்டி. எடுத்துவிட்டு வேறொரு சிரையோடு தைத்தோம். தோல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. ராத்திரி ரவுண்டை இரண்டு மணிக்கொரு முறை ஆக்கலாமே என்று போன மாதம் பேசிக்கொண்டோம். கூடவே கூடாது.

மார்ச் 13, வியாழன்

இப்போதெல்லாம் குத்தினால் நிதானமாக, நல்ல சிவப்பாகக் கசிகிறது. தொண்டையில் குழாய் இருப்பதால் அவர் நோட்டில்தான் பேசுகிறார். இன்று வாக்கர் பிடித்து வராண்டா முனைவரை நடந்துவிட்டு வந்து எழுதினார்: "கிளட்ச் மிதிக்கிற காலு சார் இது. தாங்குமா?"